பால் குப்பியில் ஒரு கோடு

அத்தியாயம் 14

போன வாரம் நம் பாட்டுக்காரியைப் பேருந்தின் ஜன்னலோரத்தில் உட்கார வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். "அவள் வீடு போய்ச் சேர்ந்தாளா இல்லையா?" என்று கேட்டு எத்தனையோ பேர் எழுதிவிட்டீர்கள். சேர்ந்துவிட்டாள். சாப்பிட்டு, தூங்கி, எழுந்தும் விட்டாள். இன்று சாயங்காலம் ஊரின் மிகப் பெரிய அரங்கத்தில் அவள் பாட வேண்டும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இவள் ஒரு தையல் கடை வீட்டின் மருமகள். மாமியார் தைப்பார். இவள் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பாள், கொக்கி வைப்பாள், வாய் சும்மா இருக்காமல் பாடிக்கொண்டே இருப்பாள். மாமனார் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் கப்பலில் சமையல்காரன். வருடத்தில் பாதி நாள் தண்ணீரில் இருப்பான்.

கல்யாணமாகி வந்தபோது இவள் கொண்டுவந்தது ஒரு துணிப்பெட்டியும், தந்தி ஒன்று குறைந்த கிதாரும். வேறு மாமியாராக இருந்தால், "இது எதுக்கு?" என்று கேட்டிருப்பார். இந்த அம்மா கேட்டது, "அந்த இன்னொரு தந்தி எங்கே கிடைக்கும்?" என்றுதான். அன்றைக்கே போய் வாங்கியும் வந்தார்.

"தையலை நான் பாத்துக்கறேன். நீ போய்ப் பாடிட்டு வா" என்று அவர் அனுப்பியதால்தான் இவள் சந்தை வாசலில் நின்று பாடினாள். அங்கே நின்று கேட்டவர்களைவிடக் கடந்து போனவர்கள் அதிகம். பிறகு நூலகத்து மாடியில் பாடினாள். ஆலை வாசலில் ஷிப்டு மாறும் நேரத்தில் பாடினாள். பாடிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து கொக்கி வைத்தாள். அதன் பிறகுதான் அந்தப் பாட்டு வந்தது.

யாரோ செல்போனில் பிடித்து அனுப்ப, காட்டுத்தீ போலப் பரவிவிட்டது. வானொலியில் வந்தது. ஆட்டோவில் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கயிறு தாண்டும்போது அதைத்தான் பாடுகிறார்கள்.

*கோடு போட்டா அத்தக்காரி*
*பால் குப்பியில கோடு போட்டா*
*குப்பிக்குள்ள பாலிருக்கு*
*கோட்டுக்குள்ள நானிருக்கேன்*

ஒரு மாமியார். கண்ணாடிக் குப்பியில் பால். எவ்வளவு இருக்கிறது என்று வெளிப்பக்கம் ஒரு கரிக்கோடு போட்டுவிட்டுத்தான் படுப்பார். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற மருமகள் பசி தாங்காமல் எழுந்து குடித்துவிடுகிறாள். தண்ணீர் கலந்து ஈடுகட்டலாம் என்றால், மாமியார் பாலையும் நீரையும் பிரிக்கிற அன்னப்பறவை. பயந்துகொண்டே விடிந்ததும் வந்து பார்த்தால், கோடு பாலோடு சேர்ந்து கீழே இறங்கியிருக்கிறது! யார் இறக்கியது என்று தெரியாது. கேள்வியோடு பாட்டு முடிகிறது.

இது பாட்டுக்காரியின் கதை இல்லை. அவளுக்குப் பிள்ளையே இன்னும் இல்லை. கொக்கி வைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், தனக்குக் கல்யாணமான புதிதில் நடந்ததாக அவள் அத்தை (மாமியாரைத்தான் அப்படிக் கூப்பிடுவாள்) சொன்ன கதை. பாதி வரிகள் அத்தையின் வாயிலிருந்து அப்படியே விழுந்தவை. அதாவது, கோடு போட்ட அத்தக்காரி மாமனாரைப் பெற்ற தாய். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மாமனாருக்கு அம்மா என்றால் உயிர். கூடத்தில் இருக்கிற அம்மா படத்தைத் துடைக்காமல் காலையில் டீயைத் தொட மாட்டார்.

"இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்று அத்தை அன்றைக்கே சொல்லிவிட்டார். ஊர் என்ன நினைத்தது? பாட்டில் 'நான்' என்று வருவது பாட்டுக்காரி, 'அத்தக்காரி' என்பது அவளுடைய மாமியார். வேறு யாரை நினைக்கும்!

பழங்கதை போதும். பொழுது விடிந்து கடை திறந்தாகிவிட்டது.

"பால் கோட்டம்மா, ஒரு டீ கிடைக்குமா? கோடு போட்டே குடு, பரவாயில்லே" என்றார் மாமனார். பாட்டு வந்த நாளிலிருந்து அவருக்கு இதே கேலிதான்.

"கேலிக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லே. அந்த மெஷின் பெல்ட்டு நழுவுதுன்னு நேத்தே சொன்னேன்" என்றார் அத்தை.

மாமனார் பழைய தையல் மெஷினுக்கு அடியில் குனிந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் உள்ளே வந்தாள். மகளுக்குக் கல்யாணம், முந்தின வாரம்தான் துணி கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். உட்காரவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. அந்தத் துணியைத் திருப்பிக் குடுத்திடுங்க."

"இன்னும் வெட்டக்கூட இல்லையே. ஏன்மா, தேதி தள்ளிப்போச்சா?"

"தேதியெல்லாம் அப்படியேதான் இருக்கு. சம்பந்தி வீட்டுல அந்தப் பாட்டைக் கேட்டிருக்காங்க. வாயும் வயிறுமா இருந்த மருமகளுக்கு ஒரு வாய் பால் குடுக்காத கை, அந்தக் கையால கல்யாணத் துணியான்னு…" அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதனாலதான் புள்ளை தங்கலைன்னும் பேசிக்கறாங்க. நான் சொல்லலை. பேசிக்கறாங்க."

கொக்கி வைத்துக்கொண்டிருந்த பாட்டுக்காரி விருட்டென்று எழுந்தாள். இல்லாத பிள்ளைக்கு ஒரு சாவு! அவள் வாயைத் திறப்பதற்குள் மேஜைக்கடியில் அத்தையின் கால் அவள் காலை அழுத்தி மிதித்தது.

அத்தை அலமாரியிலிருந்து துணியை எடுத்தார். மடிப்புக் கலைந்திருந்த இடத்தை நீவி, மறுபடி மடித்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

"பொண்ணு நல்லா இருக்கட்டும். தோள்பட்டை கொஞ்சம் இறக்கம் அவளுக்கு, வலது பக்கம். தைக்கறவங்ககிட்ட மறக்காம சொல்லுங்க."

அந்த அம்மாள் போய்விட்டாள். மெஷினுக்கு அடியிலிருந்து எழுந்த மாமனார் கேலி எதுவும் பேசவில்லை. பழைய துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

பாட்டுக்காரி அத்தையின் பின்னாலேயே அடுப்படிக்குப் போனாள்.

"இன்னிக்குச் சொல்லிடப் போறேன். டிவியில நேரடியாப் போடறாங்க. எல்லாரும் பாக்கட்டும்."

"என்னத்தைச் சொல்லுவே?"

"பாட்டுல வர்றது நீங்க இல்லேன்னு."

"அப்போ யாருன்னு அடுத்த கேள்வி வரும். அதுக்கு?"

பாட்டுக்காரி ஒரு டம்ளரை எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"இந்தா பாரு" என்றார் அத்தை. "இன்னிக்கு அவரு முதல் வரிசையில உக்காரப் போறாரு. அவங்கம்மா பேரை ஊரு முன்னால இழுத்தா அவரு உடைஞ்சு போயிடுவாரு. என் பேரு கெட்டா நான் உயிரோட இருக்கேன், சரி பண்ணிப்பேன். செத்தவங்க எழுந்து வந்து சரி பண்ணிக்க முடியுமா?"

"உங்க கடைக்கு ஆளுங்க வராம போறாங்களே அத்தை! என்னாலதானே?"

"உன்னாலதான். உன்னாலதான் நான் சொன்ன கதையை ஒரு ஊரே பாடுது. அது நடந்தப்போ அழக்கூட எனக்குத் தெம்பு இல்லே. யாருகிட்ட சொல்ல முடிஞ்சுது? இன்னிக்கு ரோட்டுல போறவன் எனக்காகக் கேக்கறான், கோட்டை எறக்கினது யாருன்னு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"நிஜமாவே யாரு அத்தை எறக்கினது?"

"சாமிதான். வேற யாரு? இன்னி வரைக்கும் விளக்கு ஏத்தும்போது அதுக்கு ஒரு நன்றி சொல்லிட்டுத்தான் இருக்கேன்" என்றவர், அடுப்பில் பொங்கிய பாலை ஊதி அடக்கினார். "சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டேன்னு."

பாட்டுக்காரி சத்தியம் செய்தாள். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

இதில் இன்னொரு சிக்கல். இசைக் கம்பெனிக்காரர் ஒப்பந்தத்தோடு மத்தியானமே அரங்கத்துக்கு வந்துவிட்டார். முதல் பாட்டுத் தொகுப்பு. 'சொல்லும் மெட்டும்' என்று போட்டு அவள் பெயர் அச்சாகியிருந்தது.

"சொல்லுல பாதி வேற ஒருத்தரோடது. அவங்க பேரும் வரணும்" என்றாள் அவள்.

"பேரைச் சொல்லுங்க, பாக்கலாம்."

அத்தை பேரைச் சொன்னால் கதை யாருடையது என்பதும் வெளியே வந்துவிடும். சத்தியம் என்னாவது?

"பாருங்கம்மா" என்றார் அவர், பல் டாக்டர் மாதிரி அன்பாக. "ஒருத்தி தனியா வாழ்ந்தா, தனியா எழுதினா, தனியா பாடினா. அதைத்தான் ஜனங்க நம்பறாங்க. ரெண்டாவது பேரு வந்தா கதை கெட்டுப்போகும். அப்புறம் இந்த ஒப்பந்தத்தை நாங்க மறுபடி யோசிக்கணும். நிகழ்ச்சி முடிஞ்சதும் கையெழுத்துப் போட்டுடலாம், சரியா?"

சாயங்காலம் அரங்கம் நிறைந்து வழிந்தது. சந்தை வாசலில் நிற்காமல் போனவர்களில் சிலராவது இன்று சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். திரைக்குப் பின்னால் அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. அத்தை தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

"கொக்கி வைக்கும்போது பாடுவியே, அதே மாதிரி பாடு. எதிர்ல நான் மட்டும்தான் இருக்கேன்னு நெனச்சுக்க."

அவள் அப்படியேதான் பாடினாள். சந்தைப் பாட்டு, ஷிப்டுப் பாட்டு, கப்பல்காரன் பாட்டு என்று வரிசையாகப் போய், கடைசியில் பால் பாட்டின் முதல் இரண்டு சுரங்களைக் கிதாரில் தட்டியதுமே அரங்கம் கூவியது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

*வயித்துக்குள்ள ஒருத்தன் ஒதைக்கிறான்*
*வாசக்கிட்ட ஒருத்தி இருமுறா*
*ஒரு வாய் குடிச்சேன், மறு வாயும் குடிச்சேன்*
*கோடு மேல நிக்குது, பாலு கீழ நிக்குது*

*விடிஞ்சு வந்து பாத்தா கோடு*
*எறங்கி வந்து நிக்குதடி*
*பாலுக்குத் தொணையா கோடு வந்துச்சு*
*கோட்டை எறக்கினது யாரு?*

"யாரு? யாரு?" என்று மொத்த அரங்கமும் திருப்பிக் கேட்டது. எங்கே பாடினாலும் இந்த இடத்தில் ஜனங்கள் இப்படிக் கேட்பது வழக்கமாகிவிட்டது.

கைதட்டல் ஓய்வதற்குள் தொகுப்பாளினி மைக்கோடு மேடையேறினாள். சிரித்த முகம், துள்ளல் நடை.

"ஒரு ரகசியம் சொல்லட்டுமா? அந்த அத்தக்காரி இன்னிக்கு இங்கேயே வந்திருக்காங்க! முதல் வரிசை! எழுந்து நில்லுங்கம்மா!"

கேமரா திரும்பியது. பெரிய திரையில் அத்தையின் முகம் தெரிந்தது. பின் வரிசைகளிலிருந்து "ஊ…" என்று ஒரு சத்தம் கிளம்பி முன்னால் வந்தது. விளையாட்டுக்குத்தான் கத்தினார்கள், ஆனால் எல்லோரும் விளையாட்டுக்குக் கத்தவில்லை. அத்தை எழுந்து நின்று, அத்தனை பேரையும் பார்த்துக் கும்பிட்டார். உதடு சிரித்தபடியே இருந்தது.

பாட்டுக்காரிக்குத் தாங்கவில்லை.

"அது எங்க அத்தை இல்லே!"

மைக்கில் சொல்லிவிட்டாள். சத்தம் நின்றது.

"அப்படியா? அப்போ யாரு?" என்றாள் தொகுப்பாளினி.

அத்தை சொன்ன அதே அடுத்த கேள்வி. கீழேயிருந்து அத்தை தலையை ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று. பாட்டுக்காரி ஒரு கையால் கிதாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொன்னால் மாமனாருக்கு அடி. சொல்லாவிட்டால் அத்தைக்கு.

அப்போது முதல் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வகுப்பில் பதில் தெரிந்த பையன் தூக்குவது போல.

"அந்த மைக்கை இப்படிக் குடும்மா" என்றார் மாமனார்.

தொகுப்பாளினி இறங்கி வந்து கொடுத்தாள். அவர் அதை வாய்க்கு எதிரில் பிடிக்கத் தெரியாமல் மோவாய்க்குக் கீழே பிடித்தார்.

"கோட்டை எறக்கினது யாருன்னு எல்லாரும் கேக்கறீங்க. நான்தான்."

சிரிப்பு எழுந்தது. தாத்தா தமாஷ் செய்கிறார் என்று நினைத்தார்கள். அவர் சிரிக்கவில்லை, சிரிப்பு தானாக அடங்கியது.

"பாட்டுல வர்ற அத்தக்காரி எங்கம்மா. பாலைக் குடிச்சவ இதோ நிக்கறா, என் பொண்டாட்டி. உள்ளேயிருந்து ஒதைச்சவன் எங்க பையன், அதோ மேடையில நிக்கறாளே, அவ புருஷன். நீங்க பாட்டுக்கு ஊன்னு கத்தறீங்க, குடிச்சவளைப் பாத்து!"

அத்தை அப்படியே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குப்பி மூடி திறக்கற சத்தம் எனக்குக் கேக்கும். தூங்கற மாதிரி கிடப்பேன். இவ வந்து படுத்துத் தூங்கினதும் எழுந்து போய், கட்டை விரலால கோட்டை அழிச்சிட்டு, அடுப்புக் கரியால கீழே ஒண்ணு போடுவேன். டிப்போவுல வேலை. விரல்ல எப்பவும் கிரீஸ். காலையில கை கறுப்பா இருந்தா யாரு கேக்கப் போறாங்க?"

"எத்தனை நாள் சார் இப்படி?" என்று தொகுப்பாளினி கேட்டாள். அவள் குரலில் துள்ளல் போயிருந்தது.

"அவன் பொறக்கற வரைக்கும்."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. அவர் காத்திருந்தார்.

"எங்கம்மாவையும் திட்டாதீங்க. இல்லாத வீடு. நாலு பேருக்குக் காணாததைக் கோடு போட்டுத்தான் காப்பாத்தணும்னு அவங்க நெனச்சாங்க. அவங்களை எதிர்த்துப் பேச எனக்கு வாய் இல்லே. விரல் இருந்துச்சு."

பாட்டுக்காரி மேடையிலிருந்தே கேட்டாள்: "மாமா, பாட்டைக் கேட்ட அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"வானொலியில வந்த அன்னிக்கே தெரியும். கோடு எறங்கினது என்னையும் இவளையும் தவிர யாருக்கும்மா தெரியும்? எனக்கு மனசு நோகக் கூடாதுன்னு இவ மறைக்கறான்னு புரிஞ்சுது. சரி, மறைக்கட்டும், நமக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு கேலி பண்ணிட்டே இருந்தேன். ஆனா இன்னிக்குக் காலையில ஒருத்தங்க கடைக்கு வந்து துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போனாங்க. இவ அந்தத் துணியை நீவி மடிச்சுக் குடுத்தா. அதுக்கு மேலயும் நான் தூங்கற மாதிரி கிடக்கலாமா?"

அத்தைக்குக் கண்ணில் நீர் நிற்கவில்லை. ஆனாலும் வாய் விடுமா?

"ஏங்க… அப்போ இத்தனை வருஷமா நான் சாமிக்குச் சொன்ன நன்றியெல்லாம்?"

மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது அரங்கம் முழுக்கக் கேட்டுவிட்டது.

"எல்லாம் சரியான விலாசத்துக்குத்தான் வந்து சேர்ந்துச்சு" என்றார் மாமனார். "சாமிக்கு நன்றி சொல்லிட்டு வந்து என் தட்டுலதானே ரெண்டு கரண்டி கூட வைப்பே?"

இந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சிரித்தவர்களில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஊ என்று கத்திய பின் வரிசைக்காரர்கள்தான் முதலில் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

பாட்டுக்காரி மைக்குக்கு அருகே வந்தாள். சந்தை வாசலில் தொடங்கியதிலிருந்து எத்தனையோ மேடைகளில் நன்றி சொல்லியிருக்கிறாள். இன்றைக்குத்தான் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்கே சொல்ல முடிந்தது.

"எனக்குத் தந்தி வாங்கிக் குடுத்தது எங்க அத்தை. நான் பாடப் போன நாளெல்லாம் என் வேலையையும் சேர்த்துத் தெச்சது எங்க அத்தை. இந்தப் பாட்டோட சொல்லும் பாதிக்கு மேல அவங்களோடது. மெட்டு மட்டும்தான் முழுசா என்னோடது. இனிமே இந்தப் பாட்டு எங்கே வந்தாலும் ரெண்டு பேர் பேரும் வரும்."

மேடையின் ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில், இசைக் கம்பெனிக்காரர் நின்றிருந்தார். பல் டாக்டர் சிரிப்பு காணாமல் போயிருந்தது. அவளையே பார்த்தபடி, கையிலிருந்த ஒப்பந்தத்தை இரண்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அவளும் அதைப் பார்த்தாள். ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்க அவள் காலையில் துணியைத் திருப்பி வாங்கிப்போன அம்மாள் இல்லையே.

"மறுபடி பாடுங்க! மறுபடி!" என்று ஜனங்கள் கத்தினார்கள்.

அவள் கிதாரை மீட்டினாள். முதலிலிருந்து பாடினாள். கோடு போட்ட அத்தக்காரி வந்தாள், பசி வந்தது, பொழுது விடிந்தது.

*பாலுக்குத் தொணையா கோடு வந்துச்சு*
*கோட்டை எறக்கினது யாரு?*

இந்த முறை அரங்கம் திருப்பிக் கேட்கவில்லை. எல்லோரும் முதல் வரிசையைப் பார்த்தார்கள்.

அத்தை உட்காராமல் நின்றிருந்தார். புருஷனின் வலது கையைப் பிடித்து, அந்தக் கட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் பெல்ட்டு மாட்டியபோது பட்ட கிரீஸ் நகக்கண்ணில் இன்னும் போகாமல் இருந்தது. பாடத் தெரியாத அத்தை, சுருதியும் சேராமல், தாளமும் சேராமல் பாடினார்:

"இவருதான்… இவருதான்…"